ஸ்டாக்கிங்கில் என்ன போடுவது? இரண்டு வயது, நாலரை வயது, ஆளுக்கு 15 டாலர்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சிக்குக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பம், இங்கே அவர்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். பெண்ணுக்கு இரண்டு வயது, பையனுக்கு நாலரை. டேகேரில் எல்லாரும் கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங் (பரிசு போட்டு நிரப்ப வீட்டில் மாட்டும் பெரிய காலுறை) பற்றியே பேசுகிறார்கள், நம் வீட்டிலும் மாட்டலாமா என்று பையன் நச்சரிக்கிறான். வீட்டில் ஒரே சம்பளம். ஆளுக்கு 15 டாலருக்குள் எதைப் போட்டு நிரப்புவது? கிறிஸ்தவர்களாக இல்லாத நாம் இதைச் செய்யலாமா?

இங்கே ஒரு பிரீஸ்கூலில் சின்னக் குழந்தைகள் வகுப்பில் வேலை பார்க்கிறேன். விடுமுறை முடிந்து ஜனவரியில் பிள்ளைகள் எதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வருகிறார்கள், எது பையோடு காணாமல் போகிறது என்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி சுலபமானது. தாராளமாக மாட்டலாம். நான்காம் நூற்றாண்டில் மைரா என்ற ஊரில் (இன்றைய துருக்கியில் இருக்கிறது) ஆயராக இருந்த புனித நிக்கோலஸ், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பன் வீட்டில் இரவோடு இரவாகப் பொன்முடிப்பை வீசிவிட்டுப் போனார் என்பது கதை. அந்தப் பொன் காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்ததாம். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது என்பார்கள். இன்று அமெரிக்க வீடுகளில் இது பெரும்பாலும் பிள்ளைகளுக்கான குடும்பக் கொண்டாட்டம். நவராத்திரிக்குக் கொலு வைத்து, டிசம்பரில் ஸ்டாக்கிங் மாட்டும் தமிழ் வீடுகள் இந்த மாநிலத்தில் ஏராளம்.

இனி பணத்துக்கு வருவோம். நவம்பர் வந்தாலே கடைகளில் 'ஸ்டாக்கிங் ஸ்டஃபர்' என்று பலகை வைத்து ஒரு தனி வரிசையே போட்டிருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். காலுறைக்குள் போக வேண்டும் என்பதற்காகவே சின்னதாகச் செய்த சாமான்கள் அவை, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் கொடுக்கக் கூடாததும் அந்தச் சின்ன சாமான்தான். குட்டி ரப்பர், குட்டிப் பந்து, குட்டி பொம்மை, மோதிரம், விசில் என்று எல்லாம் ஒரு நாள் கூத்து, அப்புறம் வாக்குவம் கிளீனருக்குள் போகும். அதே டாலருக்கு அதே கடையில் சமையல் சாமான், மருந்து, எழுதுபொருள், துணிமணி இருக்கும் வரிசைகளில் இதைவிட நல்ல பரிசு கிடைக்கும். இந்த வயதுப் பிள்ளைக்குப் பொம்மைக்கும் கரண்டிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு அளவு பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறது. வாய் 1.25 அங்குல அகலம். ஆழம் சரிவாக 1 அங்குலத்திலிருந்து 2.25 அங்குலம் வரை போகும், சின்னக் குழந்தையின் தொண்டைக் கணக்கு அது. பொம்மையோ அதிலிருந்து கழன்று வந்த துண்டோ அதற்குள் முழுசாக அடங்கிவிட்டால் அது அந்த வயதுக்கு விற்கத் தடை. பந்துக்கு இன்னும் கடுமை, 1.75 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். வீட்டில் இதற்குக் கருவி வேண்டாம், டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய் போதும். அது சட்டத்தின் உருளையைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் நமக்கு இன்னும் பாதுகாப்பு. குழாய்க்குள் முழுசாக விழும் எதுவும் வேண்டாம். பொம்மையின் சக்கரத்தையும் கண்ணையும் மூடியையும் ஒரு தடவை நன்றாக இழுத்தும் பாருங்கள். மலிவுப் பொம்மையில் கழலக்கூடியது அங்கேதான்.

உங்கள் வீட்டில் இந்தச் சோதனையை இரண்டு ஸ்டாக்கிங்குக்கும் செய்ய வேண்டும். பையனுக்கு நாலரை வயதாகிவிட்டது, பெட்டியில் '3+' போட்டிருக்கிறது என்று வாங்குவீர்கள். காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் ஒரே தரைவிரிப்பில் உட்கார்ந்து கொட்டுவார்கள், எது யாருடையது என்று பாப்பாவுக்குத் தெரியாது. அண்ணன் கையில் இருப்பதுதான் அவளுக்கு வேண்டும். அதனால்தான் நாலு வயதுப் பையன் என்றாலே எல்லாரும் வாங்கும் சின்ன உலோகக் கார்களை இந்த வருஷம் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தனியாக இருக்கும் பிள்ளைக்கு ஒன்றரை டாலரில் அதைவிட நல்ல சாமான் இல்லை, ஆனால் பாப்பா இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

முழுசாக விலக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், இவை எல்லாம் மலிவாகக் கண்ணில் படுபவை. முதலாவது பட்டன் பேட்டரி. விரலில் மாட்டும் விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் கைவளை எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிவிடும். பேட்டரி அறையைக் குழந்தை சுலபமாகத் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்று 2022இல் 'ரீஸ் சட்டம்' வந்ததே, ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இப்படி இறந்த பிறகுதான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தையானால், போகும் வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கச் சொல்கிறார்கள். தேன் இல்லை என்று தேடிக்கொண்டு நேரத்தைப் போக்கக் கூடாது. விஷ முறிவு ஆலோசனைக்கு 1-800-222-1222 எண்ணில் எந்நேரமும் ஆள் உண்டு. அதை ஃபோனில் இப்போதே சேமித்து வையுங்கள்.

அடுத்தது தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணிகள். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும், வயிற்றுக்குள் போய் ஊதிக் குடலை அடைத்துவிடும். 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றுமே பிள்ளைகளுக்கு என்று இவற்றை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தன. தண்ணீரில் போட்டால் டைனோசராக விரியும் மாத்திரை வடிவ சாமானும் அதே ஜாதி. மாத்திரை மாதிரியே இருப்பதை விளையாட்டு என்று கொடுக்கிற யோசனையே எனக்குப் பிடிக்காது. சின்னக் காந்த உருண்டை வேண்டாம். ஊதாத பலூன் வேண்டாம், எட்டு வயது வரைக்கும் அது ஆபத்து என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். பளபளவென்று இருக்கும் மலிவு நகையும் வேண்டாம். பிள்ளைகள் சாமானில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2008ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கிருந்தோ நேரே வீட்டுக்கு வரும் முகவரி தெரியாத பார்சலில் அதை யார் பார்த்தார்கள்?

சரி, வாங்க வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிளே-டோ, பிள்ளைகள் பிசைந்து உருவம் செய்யும் வண்ண மாவு. அந்த மாவுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. நிலக்கரி எரித்த காலத்தில் சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைத்தெடுக்க ஒஹையோவில் ஒரு கம்பெனி செய்த பசைதான் அது. வீடுகளில் நிலக்கரி போய் எரிவாயு வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பள்ளிப் பிள்ளைகள் அதில் உருவம் செய்வதைப் பார்த்து, 1956 வாக்கில் விளையாட்டுச் சாமானாக விற்க ஆரம்பித்தார்கள். நாலு டப்பா பொதி நாலு, ஐந்து டாலருக்குள் கிடைக்கும், பிரித்து ஆளுக்கு இரண்டு. மொத்தப் பொதியை உடைத்து இரண்டு ஸ்டாக்கிங்கில் பங்கு போடுவதுதான் இரட்டைச் செலவைச் சமாளிக்கும் முதல் வழி. அதில் கோதுமை இருக்கிறது, வீட்டில் யாருக்காவது கோதுமை ஒவ்வாமை என்றால் தவிருங்கள்.

வீட்டிலேயே செய்வதானால் ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, இரண்டு டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார் (பேக்கிங்கில் போடும் புளிப்புத் தூள்), ஒரு கப் தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். எல்லாவற்றையும் கரைத்து, இளந்தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குத் திரண்டு வரும். ஆறவிட்டுப் பிசைந்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். நிறத்துக்கு மஞ்சள்தூள் போடலாமே என்று தோன்றும். வாடகை வீட்டுக் கார்பெட்டை நினைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பீட்ரூட் சாறு கொஞ்சம் சாதுவானது. உப்பு அதிகம் என்பதால் தின்னக் கொடுக்கக் கூடாது, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக் கூடாது. இதோடு டாலர் ட்ரீ மாதிரி மலிவுக் கடையில் பிஸ்கட் வெட்டும் அச்சு இரண்டு வாங்கிப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பெரிய அச்சாக இருக்கட்டும். ஜனவரி முழுக்க நீங்கள் சப்பாத்தி போடும்போதெல்லாம் ஒரு உருண்டை மாவு கேட்டு வந்து பக்கத்தில் நிற்பார்கள். ராத்திரிச் சமையலுக்கு இருபது நிமிஷ அமைதி, ஒன்றேகால் டாலர்.

டாலர் ட்ரீ என்று பெயர் இருந்தாலும் 2021 கடைசியில் ஒரு டாலரை 1.25 ஆக்கிவிட்டார்கள், இப்போது அதற்கு மேல் விலையிலும் சாமான் இருக்கிறது. ஆகவே எடுக்கும்போதே விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். டார்கெட்டில் நுழைந்ததும் தொட்டி தொட்டியாகச் சாமான் வைத்திருக்கும் பகுதியும் பரவாயில்லை, ஒன்று, மூன்று, ஐந்து டாலரில் கிடைக்கும். ஆனால் அங்கே மூன்று டாலருக்கு இருப்பது பல நேரம் டாலர் ட்ரீயில் ஒன்றேகாலுக்கு இருக்கும்.

பாப்பாவின் வயதுக்கு அடுக்கி விளையாடும் கப்புகள் போதும். குளியல் தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றத்தான் முக்கால்வாசி உபயோகமாகும். பொம்மைக் கப்பு கிடைக்கவில்லையென்றால் சமையல் வரிசையில் இருக்கும் பிளாஸ்டிக் அளவுக் கப்பு வாங்குங்கள், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், கனமும் இல்லை. பழைய காலத்து ரப்பர் வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் ஓட்டை இருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஓட்டையில்லாததாகப் பாருங்கள். கிரேயான் எடுத்தால் தடியாக, 'வாஷபிள்' என்று எழுதியதாக எடுங்கள். கிரயோலாவின் முதல் பெட்டி 1903இல் எட்டுக் கிரேயானோடு ஐந்து சென்ட்டுக்கு விற்றது. இன்றும் இந்த வயதுக்கு எட்டு நிறமே அதிகம், 64 நிறப் பெட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். ஸ்டிக்கரில் பெரியதாக, வீங்கல் இல்லாத காகித வகை நல்லது. அதைவிட என் வகுப்பில் மதிப்பு உள்ளது படம் போட்ட பேண்ட்-எய்டு. காயமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெட்டி வாங்கிப் பாதி பாதி பிரியுங்கள். பாப்பா அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளலாம், ஒட்டியிருக்கும் வரை ஒரு கண் வைத்திருங்கள்.

பையனுக்கு நான் வாங்குவதென்றால் ஒரு ரோல் பெயின்டர்ஸ் டேப். சுவரில் ஒட்டிப் பிரித்தால் பெயின்ட் உரியாத நீல டேப் அது. தரையில் ரோடு போடுவான், ரயில் தண்டவாளம் போடுவான், சோபாவையும் நாற்காலியையும் கட்டுவான். பிரீஸ்கூல் டீச்சர்கள் எல்லார் மேஜையிலும் இது இருக்கும், பெற்றோர்களுக்குத்தான் தோன்றுவதில்லை. இரண்டாவது, சின்ன டார்ச். ஏஏ அல்லது ஏஏஏ பேட்டரி போடுவதாக, பேட்டரி மூடிக்குத் திருகாணி உள்ளதாகப் பாருங்கள். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும் டிசம்பரில் இதைவிடப் பெரிய பரிசு அவனுக்கு வேண்டியதில்லை. மூன்றாவது, தண்ணீர் நிரப்பிய பேனாவால் தடவினால் நிறம் தெரிந்து, காய்ந்ததும் மறையும் அட்டைப் புத்தகம். மெலிஸா அண்ட் டக் கம்பெனியின் 'வாட்டர் வாவ்' ஐந்து, ஆறு டாலர் ஆகும். பட்ஜெட்டில் பெரிய துண்டு இதுதான், ஆனால் திரும்பத் திரும்ப வரையலாம், காரிலும் விமானத்திலும் கை கொடுக்கும். இந்தியாவுக்குப் போகும் திட்டம் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். பேனா மூடியை அந்த அட்டைக் குழாயில் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள், விழுந்தால் மூடியை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் இல்லாமல் ஸ்டாக்கிங் போடாதீர்கள் என்பது என் பிடிவாதம். பணம் அதிகம் வேண்டாம். உங்கள் ஊர் நூலகத்தில் 'நூலக நண்பர்கள்' விற்பனை அலமாரி இருக்கிறதா என்று கேளுங்கள். பல நூலகங்களில் பிள்ளைகள் புத்தகம் ஐம்பது சென்ட், ஒரு டாலருக்குக் கிடைக்கும். தடித்த அட்டைப் புத்தகமாக எடுத்து ஈரத்துணியால் துடைத்தால் புதுசு மாதிரி இருக்கும். பாடகி டாலி பார்ட்டன் 1995இல் டென்னஸியில் தன் சொந்த மாவட்டத்தில் தொடங்கிய 'இமாஜினேஷன் லைப்ரரி' திட்டம், பிறந்தது முதல் ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகத்தை வீட்டுக்கே இலவசமாக அனுப்புகிறது. எல்லா ஊருக்கும் கிடையாது, அவர்கள் இணையதளத்தில் உங்கள் பகுதி இருக்கிறதா என்று பார்த்து இரண்டு பிள்ளைகளையும் பதிவு செய்யுங்கள். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, இறக்கி அச்சடித்துக்கொள்ள அனுமதி உண்டு. பத்துப் பன்னிரண்டு பக்கக் கதை ஒன்றை அச்சடித்து, ஓரத்தை நூலால் தைத்துக் கொடுங்கள். ஸ்டேப்ளர் ஊசி வேண்டாம், பாப்பா பிடுங்குவாள்.

தின்பண்டத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கெட்டி மிட்டாய், முழுக் கொட்டை, பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ இவையெல்லாம் நாலு வயது ஆகும் வரை வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது, தொண்டையில் அடைக்கும். கிறிஸ்துமஸ் சின்னமான சிவப்பு வெள்ளைக் கைத்தடி மிட்டாயும் கெட்டி மிட்டாய்தான். யாராவது கொடுத்தால் மரத்தில் தொங்கவிடுங்கள், அலங்காரம் ஆயிற்று. பதிலாக ஆப்பிள்சாஸ் பவுச் (உறிஞ்சிச் சாப்பிடும் ஆப்பிள் கூழ்) ஒன்று. அல்லது மிருக வடிவ பிஸ்கட் பெட்டி. பார்னம்ஸ் அனிமல்ஸ் என்று 1902இல் வந்த அந்தப் பெட்டிக்குக் கயிறு வைத்ததே கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடத்தான். அப்புறம் ஒரு ஆரஞ்சு. புனித நிக்கோலஸின் பொன்னுக்குப் பதிலாகக் கால்விரல் பக்கம் ஆரஞ்சு போடுவது பழைய வழக்கம், நமக்கு உரிக்கச் சுலபமான சின்ன மாண்டரின் போதும். ஒரு பை வாங்கினால் இரண்டு ஸ்டாக்கிங்கும் போக வாரம் முழுக்க டிஃபன் பாக்ஸுக்கு ஆகும்.

எப்படியும் வாங்கப் போகிற சாமானை ஸ்டாக்கிங் வழியாகக் கொடுப்பதில் கூச்சமே வேண்டாம். கையுறை, காலுறை, பல் தேய்க்கும் பிரஷ், டேகேருக்குப் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில் எல்லாம் சேரும். டைனோசர் போட்ட கையுறையைப் பையன் பரிசாகத்தான் பார்ப்பான், செலவு என்று பார்ப்பது நாம்தான். பனியில் ஒரு ஜோடி எப்போதும் நனைந்திருக்கும் என்பதால் இரண்டாவது ஜோடி எப்படியும் தேவை. நியூ ஜெர்சியில் துணிமணிக்கும் சமைக்காத மளிகைக்கும் விற்பனை வரி இல்லை, பொம்மைக்கு 6.625 சதவீதம் உண்டு. 15 டாலர் கணக்கில் அது சில்லறைதான், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோராயமாகக் கூட்டிப் பார்த்தால் பாப்பாவுக்கு இரண்டு டப்பா மாவு இரண்டரை டாலர், கிரேயான் மூன்று மூன்றரை, கப்பு, அச்சு, காலுறை ஒவ்வொன்றும் ஒன்றேகால், பழைய புத்தகம் ஒன்று, பேண்ட்-எய்டில் பாதி ஒன்று, பழமும் பவுச்சும் ஒன்று. பன்னிரண்டு பதிமூன்றில் முடியும். பையனுக்கு வாட்டர் வாவ் வாங்கினால் பதினைந்தை ஒட்டி வரும், மாவை வீட்டில் செய்தால் குறையும். இதில் பாதியைக் குறைத்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வயதுக் குழந்தை நாலாவது சாமானுக்குப் போகாது, மூன்றாவதிலேயே நின்றுவிடும். அதனால் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளிலோ டிஷ்யூ பேப்பரிலோ தளர்வாகச் சுற்றி வையுங்கள். டேப் ஒட்ட வேண்டாம், கிழிப்பதே பாதி விளையாட்டு.

சான்டா (கிறிஸ்துமஸ் தாத்தா) கொண்டுவந்தார் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் ஸ்டாக்கிங்கில் இருப்பதைச் சின்னதாகவே வைத்துக்கொள்வது நல்லது. பையன் டேகேரில் போய்ச் சொல்வான், அங்கே உங்களைவிடக் கஷ்டத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும், சான்டா தனக்கு மட்டும் ஏன் குறைவாகக் கொடுத்தார் என்று அது யோசிக்கும். பெரிய சாமான் எதுவும் வாங்கினால் அதை அம்மா அப்பா பெயரில் கொடுங்கள்.

கடைசியாக ஸ்டாக்கிங். வழக்கமான அளவு ஒன்றரை அடி நீளம் இருக்கும், 15 டாலர் சாமான் அதில் அடியில் கிடக்கும். டாலர் கடையின் சின்ன அளவு போதும், இல்லையென்றால் அப்பாவின் தடித்த கம்பளிக் காலுறை. கையுறையையும் காலுறையையும் சுருட்டி முதலில் போட்டால் பாதி நிரம்பிவிடும். நல்லதாக வேண்டுமென்றால் டிசம்பர் 26க்குப் பிறகு பாதி விலைக்கு வரும்போது அடுத்த வருஷத்துக்கு எடுத்து வையுங்கள். மாட்டுவதற்குக் கனமான இரும்புக் கொக்கி நிற்கவைத்து விற்பார்கள், அலமாரி விளிம்பில் வைத்துத் தொங்கவிடுவது. அதை மட்டும் வாங்காதீர்கள். குழந்தை ஸ்டாக்கிங்கை இழுத்தால் இரும்பு நேரே தலையில் விழும். அபார்ட்மென்ட்டில் கதவுக் கைப்பிடி போதும், அல்லது சுவரில் ஒட்டி எடுக்கும் பிளாஸ்டிக் கொக்கியைப் பாப்பாவின் கை எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். சுவர் அடியில் நீளமாக இருக்கும் பேஸ்போர்டு ஹீட்டருக்கு மேலே வேண்டாம்.